மானிப்பாயில் மருத்துவத் தமிழ் வளர்த்த டாக்டர் கிறீன்

தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா? நம் பேரவைக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி எழும். பட்டிமன்றத் தலைப்பாகவும் வரும். இரு தரப்பினரும் உணர்ச்சி பொங்கப் பேசுவார்கள்; கைதட்டல் அரங்கை அதிர வைக்கும்; நடுவர் தீர்ப்புச் சொன்னதும் தேநீருக்குக் கலைந்து போவோம். ஆனால், இந்தக் கேள்விக்கு 1864ஆம் ஆண்டிலேயே ஒருவர் செய்து காட்டிப் பதில் சொல்லிவிட்டார். அவர் தமிழர் அல்லர். அமெரிக்காவில் பிறந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்தான் அவர்.

நான் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் மாணவி. மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் நரம்பு என்று ஒரு சொல்லைக் கற்றேன். தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதுவே சாராஃப் ஆனது. பல்கலைக்கழகத்தில் அதுவே நெர்வ் ஆகிவிட்டது. இரத்தக் குழாய்க்கும் இதே கதைதான். நம்மில் பெரும்பாலோர் இப்படி மூன்று முறை பெயர் மாற்றிப் படித்தவர்கள்தாம். அதனால்தானோ என்னவோ, ஒரு வெளிநாட்டுக்காரர் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் தேடி அலைந்தார் என்று அறிந்தபோது எனக்கு அவர்மேல் தனி அக்கறை பிறந்தது.

கிறீன் 1822 அக்டோபர் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். அதே 1822ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் சைவத்தைக் காக்கப் புறப்பட்டவர். மற்றவர் கிறிஸ்தவ மிஷனின் மருத்துவர். சமயத்தில் எதிரெதிர்க் கரையில் நின்ற இருவரும் ஒரே காலத்தில், ஒரே குடாநாட்டில், தமிழ் உரைநடைக்கும் அச்சு நூலுக்கும் உழைத்தார்கள் என்பது வியப்பான ஒற்றுமைதான்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. மலாக்காக்காரி என்பதால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சீன மொழியில் விவிலியத்தை மொழிபெயர்ப்பதில் பங்கெடுத்து, மலாக்காவில் அச்சகம் நடத்திய வில்லியம் மில்ன் பாதிரியார் இறந்ததும் அதே 1822இல்தான், நம் மலாக்காவில்தான். பின்னாளில் பெஞ்சமின் ஹாப்சன் என்ற மிஷன் மருத்துவர் 1851இல் கன்டோன் நகரில் உடற்கூறு பற்றிச் சீன மொழியில் நூல் வெளியிட்டார். ஆசிய மொழிகளில் மேலைநாட்டு மருத்துவத்தைச் சொல்லும் முயற்சி அந்தக் காலத்தில் பல துறைமுகங்களில் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. தமிழுக்கு அது நடந்த இடம் யாழ்ப்பாணம்.

கிறீனின் அண்ணன் ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயார்க் நகரில் பெரும்புள்ளி. சென்ட்ரல் பார்க் பூங்கா உருவானதிலும், 1898இல் பல ஊர்கள் இணைந்து பெருநகரமானதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. தம்பியும் நியூயார்க்கில்தான் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராகக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை. இதை எழுதும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்!

அவருக்கு முன்பே அமெரிக்க மருத்துவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தார்கள். ஜான் ஸ்கடர் 1820இலேயே பண்டத்தரிப்பில் மருத்துவம் தொடங்கினார். வட்டுக்கோட்டையில் 1823 முதல் பெரிய கல்விக்கூடம் ஒன்று இருந்தது. மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கியது. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி அங்கே பிறந்ததுதான். ஆகவே 1848இல் கிறீன் மானிப்பாயில் குடியேறியபோது ஊர் அவருக்குத் தோதாகவே இருந்தது. அச்செழுத்து இருந்தது, படித்த இளைஞர் இருந்தனர், நோய்க்கோ பஞ்சமே இல்லை. வாந்திபேதியும் அம்மையும் அக்காலத்தில் வந்து வந்து போயின.

மருந்தகம் திறந்த கையோடு சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் என்பதால் பாடம் நடத்துவதில் சிரமம் இல்லை. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க வேலைக்குப் போனார்கள், பட்டணத்துக்குப் போனார்கள், உடையும் பழக்கமும் மாறின. அவர் யாருக்காக வைத்தியர்களை உருவாக்கினாரோ அந்தக் கிராமத்துச் சனங்களுக்கு வைத்தியர் இல்லாமலே போனது. மாணவர்கள் தமிழர் உடையிலேயே இருக்க வேண்டும், ஊரோடு ஊராகவே வாழ வேண்டும் என்பதில் கிறீன் பிடிவாதக்காரர். 1855 வாக்கில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது.

சொல்வது எளிது. எந்த நூலை வைத்துக் கற்பிப்பது? சித்த வைத்திய ஏடுகள் இருந்தன. ஆனால், உடலை அறுத்துப் பார்த்து எழுதிய நூல் தமிழில் ஒன்றும் இல்லை. ஆகவே நூலையும் அவரே உண்டாக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கரான கால்வின் கட்டர் எழுதிய பள்ளி நூலொன்றை எடுத்துக்கொண்டார். அது தமிழில் 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்' என்று 1857இல் வந்தது. பெயரைப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறதல்லவா? பிரித்துப் பார்த்தால் பயம் தெளியும். அங்காதிபாதம் என்றால் உடற்கூறியல். சுகரணம் என்றால் உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் இயல். உற்பாலனம் என்றால் சுகாதாரம். அதே ஆண்டில் 'பிரசவ வைத்தியம்' நூலும் வெளிவந்தது.

கிறீன் தனியாக இதைச் செய்யவில்லை. டன்வொர்த், பவுல், சப்மன், சுவாமிநாதன் முதலிய மாணவர்கள் அவரோடு உழைத்தார்கள். பெயர்களைப் பார்த்து இவர்களும் அமெரிக்கர் என்று நினைத்துவிடாதீர்கள்! மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். பெயர்தான் டன்வொர்த், ஆள் அசல் யாழ்ப்பாணத்தார். மாணவர் மொழிபெயர்ப்பார், கிறீன் மூலநூலோடு ஒப்பிட்டுத் திருத்துவார். அச்சகத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

இடையில் உடல்நலம் குன்றி, 1857இன் இறுதியில் கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கே மார்கரெட் என்பவரை மணந்து, 1862இல் மனைவியோடு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864 முதல் வகுப்பு முழுவதும் தமிழில் நடந்தது. மாணவர் எல்லாரும் மகிழ்ந்து வரவேற்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியில்லை. ஆங்கிலம் இல்லாத படிப்புக்கு மதிப்பு ஏது, வருமானம் ஏது என்று கவலைப்பட்டார்கள். நூற்று அறுபது ஆண்டுக்கு முந்திய அந்தக் கவலை இன்றும் நம் வீடுகளில் அச்சு மாறாமல் அப்படியே கேட்கிறது. கிறீன் மசியவில்லை. அவரிடம் பயின்ற மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் பயின்றவர்கள்.

1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. இது அறுவை மருத்துவ நூல். 1872இல் வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது: 'மனுஷ அங்காதிபாதம்'. எண்ணூறு பக்கத்தைத் தாண்டும் இந்நூலின் மூலம் எது தெரியுமா? இன்றும் உலகமெங்கும் மருத்துவ மாணவர் கையில் இருக்கும் ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல்தான்! கிரேயின் முதல் பதிப்பு இலண்டனில் 1858இல் வெளிவந்தது. மூன்றே ஆண்டில், அம்மை கண்டிருந்த உறவுப் பிள்ளையைக் கவனித்து, அந்த நோய் தொற்றி, 34 வயதில் கிரே இறந்துபோனார். அவர் நூல் பதினான்கே ஆண்டில் தமிழுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு கிரேயின் பெயரில் ஒரு நூல் மீண்டும் தமிழில் வெளியானது 2023 ஜனவரியில், தமிழ்நாடு அரசு பல மருத்துவப் பாடநூல்களை மொழிபெயர்த்து வெளியிட்டபோது. இரண்டுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியைப் பற்றி நம் பட்டிமன்றங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஒரு மொழியில் உடற்கூறு எழுதுவது ஏன் கடினம் என்பது எனக்கு நூலகத்தில் புரியவில்லை. தோட்டத்தில், பாட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் அதே லயத்தில் இருந்தார். இனிப்பு நீர் வியாதி. கால் மரத்துப்போய், கல் குத்திப் புண்ணானதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். மருந்தகத்தில் மருத்துவர் மலாயில் சாராஃப் கெட்டுவிட்டது என்றார். நான் நரம்பு என்று மொழிபெயர்த்தேன். பாட்டி உடனே புறங்கையில் நீலமாகப் புடைத்திருந்ததைத் தொட்டுக் காட்டி, இந்த நரம்பா என்று கேட்டார்.

அது நரம்பு அன்று. இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய். ஆனால் பாட்டி சொன்னதும் தவறில்லை. நம் பேச்சுத் தமிழில் அதற்கும் நரம்பு என்றுதான் பெயர். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கும் நரம்பு என்கிறோம். வீணையின் தந்தியும், வெற்றிலையின் கோடும்கூட நரம்புதான். வேடிக்கை என்னவென்றால் மலாய்க்காரர்களின் ஊராட் என்ற சொல்லும் இதேபோல்தான். நாளத்துக்கும் அதுவே, தசைநாணுக்கும் அதுவே. பிரித்துக் காட்ட வேண்டும் என்பதால்தான் அவர்களுக்கும் சாராஃப் தேவைப்பட்டது.

பாட்டிக்கு நான் பால்மரத்தை வைத்தே சொன்னேன். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய் இருக்கிறதே, இரத்தக் குழாய் அப்படி, வெட்டினால் ஒழுகும். நரம்பு தோட்டத்து ஆபீசுக்குப் போகிற டெலிபோன் கம்பி மாதிரி. உள்ளே எதுவும் ஒழுகாது, சேதி மட்டும் போகும். நரம்பு என்பது மெல்லிய இழைகள் பல சேர்ந்த கட்டு. இடுப்பிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு தொடக்கத்தில் விரல் தடிமன் இருக்கும். முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் ஓர் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த இழைகளுக்கும் சோறு வேண்டும். அதைக் கொண்டுவருபவை நரம்பைச் சுற்றியுள்ள மயிரிழைக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இழையும் கெடுகிறது, அந்தச் சின்னக் குழாயும் கெடுகிறது. மிக நீண்ட இழைதான் முதலில் வாடும். ஆகையால் மரத்துப்போவது கால் விரலில் தொடங்குகிறது. பாட்டி நெடுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பி அறுந்த வீட்டுக்குத் தீப்பிடித்தாலும் ஆபீசுக்குத் தெரியாதே என்றார். எங்கள் விரிவுரையாளர் இரண்டு மணி நேரம் நடத்திய பாடம் அது!

கிறீனுக்கு இந்தத் தொல்லை ஒரு சொல்லோடு முடியவில்லை. ஆயிரக்கணக்கான சொற்களில் இருந்தது. அவர் ஒரு முறை வைத்துக்கொண்டார். முதலில் தமிழில் இருக்கிறதா என்று தேடுவது. இல்லையேல் வடமொழியில் பார்ப்பது. அதிலும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்றிக்கொள்வது. 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயரே இதற்கு நல்ல சான்று: 'கெமிஸ்தம்'. எனக்கு இந்தச் சொல்லில் ஒரு தனிப் பிரியம். அங்காதிபாதமும் சுகரணமும் வழக்கொழிந்துவிட்டன. இன்று படிப்பவருக்கு அந்நூல்களின் நடை கடினம்தான். வடமொழி மிகுதி என்று குறை சொல்லவும் இடமுண்டு. ஆனால் முதல் ஆளாய்ப் பாதை வெட்டியவர் நேராகத்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

மக்கள் ஏற்கெனவே அறிந்த சொல்லிலிருந்து தொடங்குவதன் நன்மையை இலங்கைப் பாடநூல்களில் இன்றும் காணலாம். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயை அவர்கள் நாடி என்கிறார்கள். திரும்பக் கொண்டுவருவதை நாளம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் தமனி, சிரை. எனக்கு நாடியே பிடித்திருக்கிறது. வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதை அறியாத தமிழர் உண்டா? அவர் விரலடியில் துடிப்பது அந்தக் குழாய்தான். சித்த மருத்துவம் நாடி என்ற சொல்லில் இன்னும் பலவற்றை அடக்கியிருக்கிறது என்பது வேறு விஷயம். அதேபோல் தமிழ்நாட்டில் செல் என்பதை இலங்கையில் கலம் என்பர். திசுவை இழையம் என்பர்.

கலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உயிர்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்ற கொள்கை உருவானது 1838, 1839 ஆண்டுகளில். கிறீன் பட்டம் பெற்றபோது அதற்கு வயது ஆறு. நரம்புக் கலத்தின் முழு வடிவம், அதன் கிளைகளோடும் வாலோடும், தெளிவாகத் தெரியும்படி சாயமேற்றும் வழியை இத்தாலியரான கோல்ஜி வெளியிட்டது 1873இல். அதாவது 'மனுஷ அங்காதிபாதம்' அச்சேறி ஓராண்டு கழித்து! ஆகவே மானிப்பாய் மாணவர்கள் தமிழில் படித்தது பழைய சரக்கு அன்று. இலண்டனிலும் நியூயார்க்கிலும் அன்று தெரிந்திருந்தது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவும் மானிப்பாயில் தமிழில் கிடைத்தது. உலகத்துக்கே தெரியாதது மட்டும்தான் அவர்களுக்கும் தெரியவில்லை.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். திரும்பி வரவே இல்லை. அவருக்குப் பிறகு தமிழ் வகுப்புகள் நீடிக்கவில்லை. ஆங்கிலம் மீண்டும் வந்தது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் வேலை தேடி மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். ரயில்வேயில், அரசாங்க அலுவலகங்களில், மருத்துவமனைகளில் அமர்ந்தார்கள். பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். அந்த டிரசர்களில் சிலோன்காரர்களும் மலையாளிகளும் நிறைய. கிறீன் எதைக் கண்டு கவலைப்பட்டாரோ, அந்த வெளியேற்றத்தின் ஒரு கிளை நம் பாட்டன் பாட்டிக்கு மருந்து கொடுக்க வந்து சேர்ந்தது! இதை இழப்பு என்பதா, வரவு என்பதா? யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் நின்று பார்த்தால் ஒன்று. நம் தோட்டத்தில் நின்று பார்த்தால் வேறொன்று.

அமெரிக்காவில் ஓய்வாக இருந்திருக்கலாம். இருந்தாரில்லை. கிறீன் ஹில் வீட்டிலிருந்தபடியே யாழ்ப்பாணத்து நண்பர்களோடு கடிதத் தொடர்பு வைத்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ஒரு தாளில் ஐயம் என்றால் அது கடல் கடந்து போய்த் திரும்ப வாரங்கள் ஆகும் காலம். அப்படியும் உடலியங்கியல் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' 1884இல் வெளிவந்தது. அவ்வாண்டு மே 28ஆம் நாள், 61 வயதில், பிறந்த வீட்டிலேயே காலமானார். அந்தப் பண்ணை இன்று வூஸ்டர் நகரின் பொதுப் பூங்கா. மானிப்பாயில் அவர் நினைவாக ஒரு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தம் கல்லறைக்கு என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பெயர், பிறந்த இறந்த ஆண்டுகள், தம் ஆண்டவரைப் பற்றி ஒரு சிறு வரி. இவற்றோடு, தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்பதையும் பொறிக்கச் சொன்னார். யாழ்ப்பாணமோ இலங்கையோ அதில் இல்லை. தமிழர் என்றே இருக்கிறது.